உப்புக்குக் கழித்த இரண்டு

நம் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும்,

வருகிற மாதம் முதல் நான் சைட்டுக்கு வரமாட்டேன். மதுரைக் கிடங்கில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். போவதற்கு முன், மரத்தரை போடும் வீட்டை எப்படிச் சோதிப்பது என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி. ஈரம் பார்க்கும் மீட்டரைப் பிடிக்கும் விதத்தைச் செல்வம் அண்ணன் அரை மணி நேரத்தில் சொல்லித் தந்துவிடுவார். அவர்தான் நமக்குப் பலகை அடுக்குகிறவர். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் அப்படி இப்படி. மற்றதெல்லாம் பலகைப் பெட்டியோடு வரும் தாளில் இருக்கிறது. அதை நான் மறுபடி எழுதப் போவதில்லை.

எனக்கு வயது இருபத்தொன்பது. இந்த வேலையில் ஏழு வருடம். தலை நரைத்து ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை நான் எழுதுவது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னிடம் ஒரு தப்பு இருக்கிறது. அது இந்தக் கடற்கரையில் தரை போடுகிறவன் மட்டும் செய்யக்கூடிய தப்பு. மதுரைக்காரன் செய்யமாட்டான், கோயம்புத்தூர்க்காரனுக்கு வாய்ப்பே கிடையாது. நீங்கள் செய்வீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அதற்கு முன் பாம்பன்காரர் ஒருவரைப் பற்றி. நான் சேர்ந்த புதிதில் அவர் கடைக்கு வந்தார். விசைப்படகு வைத்திருப்பவர், புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். மாதிரிப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். துடைக்கும்போது துணியைப் பிழிந்துவிட்டுத் துடைக்க வேண்டும், வாளியோடு தண்ணீரைக் கொட்டிக் கழுவக்கூடாது என்று நான் ஒப்பித்தேன்.

“ஏந்தம்பி, என் போட்டு பதினஞ்சு வருசமாக் கடல்லயே கெடக்கு. மரம் மரமாத்தான் இருக்கு. நீ விக்கிற மரம் ஒரு வாளித் தண்ணிக்கே பயப்படுதே, அதுக்கு என்ன வந்துச்சு?” என்றார்.

“அது வேற மரம்ணே. இது வேற.”

“ஓகோ. இது படிச்ச மரமோ.”

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பதிலை அவரே சொன்னார். படகு கடலில் கிடக்கும்வரை பிரச்சினை இல்லை. கரையேற்றி இரண்டு மாதம் வெயிலில் போட்டுவிட்டு மறுபடி இறக்கினால்தான் பலகை இடுக்கெல்லாம் வாய் பிளக்கும் என்றார். மரத்தைக் கெடுப்பது தண்ணீரும் இல்லை, வெயிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வருவதுதான். நம் ஊரில் ஐப்பசியில் காற்றே நனைந்திருக்கும், சித்திரையில் உதடு வெடிக்கும். அதனால்தான் இங்கே முழு மரப் பலகையை விற்காமல், குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பலகையை விற்கிறோம். அதனால்தான் பலகைப் பெட்டிகளை, தரை போட வேண்டிய அறையிலேயே ஒரு வாரம் படுக்க வைக்கிறோம். இதைத் தாளில் படித்தபோது எனக்கு மனப்பாடம் ஆனது. அவர் சொன்னபோதுதான் புரிந்தது. அவர் கடைசியில் டைல்ஸ் போட்டுக்கொண்டார்.

இனி என் கதை.

கீழக்கரையில் ஹமீது பாய் என்று ஒருவர். சவூதியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். மகள் கல்யாணத்துக்காக நாற்பது நாள் லீவில் வந்திருந்தார். அந்த ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கென்று ஒரு வீடோ, அது முடியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையோ கட்டிவைப்பார்கள். பாய் தரைத்தளத்தில் ஓர் அறை கட்டி வைத்திருந்தார். பூச்சு முடிந்து, சிமெண்டுத் தளத்தோடு மகளுக்காகக் காத்திருந்த அறை. நிக்காஹ்வுக்கு இருபத்தைந்து நாள் இருந்தது.

அளவெடுக்க நான் போன அன்று, பாயும் அவர் மனைவியும் மகள் ஷிஃபானாவும் அறை வாசலில் நின்றார்கள். பெண்தான் மரத்தரை கேட்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிற பெண். நாள் முழுக்கச் சில்லென்ற டைல்ஸில் நின்று கால் வலிக்கிறது, வீட்டிலாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

நான் சுவரின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கடற்கரை வீடுகளில் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் கட்டிய வீடாக இருந்தால் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்துகொண்டிருக்கும். இங்கே ஒரு பொட்டு இல்லை.

“நல்லாக் கட்டிருக்கீங்க பாய். எங்கயுமே உப்பு பூக்கல.”

பாய்க்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “லாரித் தண்ணியிலதான் கட்டுனேன் தம்பி. கிணத்துத் தண்ணி ஒரு சொட்டுச் சேக்கல. மணலும் வெளியூரு மணல். ஊர்ல கிறுக்கன்னு சொன்னாக.”

“இப்பவும் சொல்றாக,” என்றார் அவர் மனைவி.

பலகை தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அம்மாவுக்குக் கறுப்பு கலந்த நிறம் பிடித்தது, அழுக்குத் தெரியாது என்றார். மகள் வெளிர் நிறம் கேட்டாள், அழுக்குத் தெரியட்டும், அப்போதுதான் துடைப்போம் என்றாள். வெளிர் நிறம் முடிவானது. இருபத்திரண்டு பெட்டி. பத்துப் பன்னிரண்டு நாளில் அவை வந்து சேர்ந்து அந்த அறையில் படுத்தன. அதன் பிறகுதான் நான் மீட்டரோடு போனேன். தளத்தைச் சோதித்துவிட்டுத்தான் சரக்கே அனுப்ப வேண்டும். கல்யாண அவசரம் என்று நாங்கள் வரிசையை மாற்றிவிட்டோம். இது முதல் தப்பு, ஆனால் நான் சொல்ல வந்த தப்பு இது இல்லை.

நம் மீட்டர் இரண்டு முள்ளைத் தளத்தில் வைத்து, நடுவே கரண்ட் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்த்து ஈரத்தைச் சொல்லும். சிமெண்டில் உப்பு இருந்தால் கரண்ட் இன்னும் சுலபமாகப் போகும். அப்போது கொஞ்ச ஈரத்தையும் மீட்டர் பெரிய ஈரமாகக் காட்டும். இது உண்மை. அதனால் ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் வேலை பார்க்கிற எல்லாரும் வந்த எண்ணில் இரண்டைக் கழிப்பார்கள். உப்புக்கு இரண்டு. நான் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றது அதுதான். நயினார்கோவில் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவன் நான். கடலைப் பற்றிய ரகசியம் ஒன்று தெரிந்துவிட்டதாக எனக்கு அன்று ஒரு பெருமை.

நான்கு வரைக்கும் இருந்தால் போடலாம். பாய் வீட்டில் ஐந்தேமுக்கால் காட்டியது. அறையின் நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தேன். உள்சுவர் ஓரத்தில் ஆறு. கழித்தேன். படிவத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அய்யாவுக்கு இன்றும் பேங்கில் கைநாட்டுதான். அதனாலோ என்னவோ, எனக்குக் கையெழுத்துப் போடுவது பிடிக்கும். கோடு போட்ட இடம் கண்ணில் பட்டால் கை தானாகப் போய்விடும்.

படிவத்தின் நகலைப் பாயிடம் கொடுத்தேன். அவர் மகளிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள்.

“இந்த மைனஸ் ரெண்டு என்னது?”

“அது உப்புக்கும்மா. கடக்கரப் பக்கம் கழிப்போம்.”

“எந்த உப்புக்கு?”

“சிமெண்டுல இருக்குற உப்புக்கு.”

“அன்னைக்கு வந்தப்ப உப்பே இல்லன்னு வாப்பாட்ட சொன்னிய.”

நான் பேனாவைப் பையில் செருகினேன். அவள் விடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“எங்க லேப்ல ஒருத்தருக்கு சுகர் எரநூறு வந்தா, காலையில அல்வா தின்னுருப்பாருன்னு அம்பது கழிச்சு எழுத மாட்டோம். தின்னியளான்னு கேப்போம்.”

“புள்ள, அவருக்குத் தெரியாததா?” என்றார் பாய்.

“உப்பு கண்ணுக்குத் தெரியாம உள்ளயும் இருக்கும்,” என்றேன் நான். அது பொய் இல்லை. ஆனால் அந்தத் தளத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த குரலில் சொன்னேன். அவள் தாளை மடித்து வாப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ராமநாதபுரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. மற்ற வீடுகளில் உப்பு இருக்கும், மீட்டர் அதிகம் காட்டும், கழிப்போம். இந்த வீட்டில் உப்பு இல்லை, அப்படியும் மீட்டர் அதிகம் காட்டுகிறது. அப்படியானால் மீட்டர் காட்டியது என்ன? கணக்கு இவ்வளவு சின்னது. எட்டாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். ஏழு வருடத்தில் எனக்கு அது தோன்றாததற்குக் காரணம், உப்பில்லாத வீட்டையே நான் பார்த்ததில்லை. கழிப்பது கைப்பழக்கம் ஆகிவிட்டது.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன்.

“எல்லா வீட்டுலயும் கழிக்கிறதுதானப்பா? புதுசாவா கழிக்கிறோம்?”

“இந்த வீட்டுல கழிக்கிறதுக்கு உப்பு இல்லண்ணே.”

“அந்தப் பொண்ணு லேப்ல வேலை பாக்குதுன்னா அது லேபுக்குத்தான் டாக்டரு. போடுற வேலையப் பாரு.”

நான் கீழக்கரைக்கு பஸ் ஏறினேன். தைரியத்தால் அல்ல. படிவத்தில் இருப்பது என் கையெழுத்து, முதலாளியுடையது இல்லை.

மீட்டரை நம்பாதபோது செய்கிற பழைய சோதனை ஒன்று உண்டு. தளத்தில் ஒரு பாலிதீன் தாளைப் பரப்பி, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். கீழிருந்து ஈரம் வந்தால் தாளின் அடியில் வியர்க்கும். இதற்கு உப்பும் கிடையாது, கழித்தலும் கிடையாது. அவசரத்தில் நான் தாள் எடுத்துப் போகவில்லை. அறையில் புதுக் கட்டிலுக்கு வந்த மெத்தை பாலிதீன் உறையோடு நின்றது.

“மெத்தைய உரிக்கப் போறியளா?” என்றார் அம்மா. “மாப்புள்ள வீட்டுலேர்ந்து ஆளுக வந்து பாக்குற வரைக்கும் அது உறையோடத்தான் இருக்கணும். புதுசுன்னு எப்புடித் தெரியும்?”

“ஒரு பக்கம் மட்டும் குடுங்கம்மா. சுவத்துப் பக்கமாத் திருப்பி வச்சிக்கலாம்.”

கொடுத்தார். ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பாய் முன்னால் அதைப் பிரித்தேன். பிரிக்கவே தேவையில்லை, தாள் மேலிருந்தே தெரிந்தது. அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது. தளம் அந்த அளவுக்குச் சதுரமாகக் கறுத்திருந்தது. உள்சுவர் ஓரத்தில் தாளைத் தூக்கியதும் தண்ணீர் வழிந்து என் பெருவிரலில் விழுந்தது.

நிக்காஹ்வுக்கு ஒன்பது நாள்.

“இது எங்கேர்ந்து வருது தம்பி?” என்றார் பாய், ரொம்ப மெதுவாக.

அந்த உள்சுவருக்கு மறுபுறம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வீட்டு நடை, அதற்கடியில் சம்ப். கிணறு உப்பு என்பதால் அந்த ஊரில் குடிக்கச் சமைக்க லாரித் தண்ணீர்தான். அதை ஊற்றி வைக்கத் தரைக்குள் தொட்டி கட்டியிருப்பார்கள். மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். மோட்டாரையும் குழாயையும் மதியம்வரை யாரும் தொடக்கூடாது என்றேன். மதியம் பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு மாசமா அந்த லாரிக்காரன்ட சண்ட போட்டுக்கிட்டுக் கெடக்கேன். கொறச்சு ஊத்துறான், கொறச்சு ஊத்துறான்னு. போன வாரம் நீ வெளங்குவியான்னு கேட்டுட்டேனே.”

“அவன் என்ன சொன்னான்?” என்றார் பாய்.

“உங்க வீட்டுத் தொட்டிக்குத்தான் வாயி பெருசுன்னான்.”

பாய்க்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. “தொட்டிய எறச்சு, பூசிடலாம்ல? நாளைக்கே ஆள் வரச் சொல்றேன்.”

“கல்யாண வீட்டுல தொட்டியக் காலி பண்ணச் சொல்றியளா?” என்றார் அம்மா. “இருவது பேரு வந்து தங்கப் போறாக. எதுல கை கழுவச் சொல்றது?”

அதுதான் நிலைமை. கல்யாணம் முடியும்வரை தொட்டியைத் தொட முடியாது. தொட்டியைத் தொடாமல் தளம் காயாது. தளம் காயாமல் பலகை போட முடியாது. பாய்க்கு மிச்சமிருந்த லீவு இரண்டு வாரம்.

வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, இதை நீங்கள் அவர் முன்னாலேயே படிக்கலாம். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“கல்யாணத்துக்கு நிக்குமா?”

“நிக்கும்ணே.”

“அப்ப ரெண்டு தாளு பாலிதீன் விரிச்சுப் போட்டுரு. அவங்க சந்தோசமாக் கல்யாணத்த முடிக்கட்டும். பலகை தூக்குனாப் பெறகு பாத்துக்குவோம். அன்னைக்கு அந்தத் தொட்டியக் காட்டிச் சொல்லிக்கலாம்.”

செல்வம் அண்ணனும் அதையேதான் சொன்னார். “ஏலே, நான் போட்டுத் தாரேன். மூணு மாசத்துக்கு மூச்சு விடாது. அதுக்குள்ள பாய் பிளேன் ஏறிருவாருல்ல.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இது வரும், இதே வார்த்தைகளில் வரும். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. தரை கல்யாணத்துக்கு நிற்கும். எல்லாரும் வந்து பார்த்து மெச்சுவார்கள். அந்த அம்மாவுக்கு மானம் காக்கும், பெண்ணுக்கு அவள் கேட்டது கிடைக்கும், அப்பா தன் கையால் முடித்துக் கொடுத்தோம் என்று ஊருக்குப் போவார். மூன்று மாதம் கழித்து அது தூக்கும்போது பழி போட ஒரு தொட்டி தயாராக இருக்கிறது. என் கையெழுத்தை யாரும் தேட மாட்டார்கள். எல்லாருக்கும் நல்லது போலத் தெரிகிற ஒரு தப்பு எப்படி இருக்கும் என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே போனேன். பாய் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“கல்யாணத்துக்கு நிக்குமா தம்பி?” அவரும் அதையேதான் கேட்டார்.

“கல்யாணத்துக்கு நிக்கும் பாய். அடுத்த மழைக்கு நிக்காது. பலகை ஓரமெல்லாம் தூக்கிரும், அப்பறம் கழட்டித்தான் போடணும். இப்ப இருக்குற பலகையில பாதி தேறாது. நான் அன்னைக்கே இதப் பாத்துச் சொல்லிருக்கணும். கழிச்சது என் தப்பு.”

“தப்பு யாருதுன்னு நான் கேக்கல.” உட்கார்ந்திருந்த பெட்டியைக் கையால் தடவினார். “இருவத்தாறு வருசமா லீவுல வந்து வந்து பாத்த வீடு இது. இந்த ஒரு ரூமையாவது நான் இருக்கும்போதே முடிச்சிருவோம்னு நெனச்சேன்.”

பிறகு மகளைக் கூப்பிட்டார். அவள் எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். “என்னா புள்ள செய்வோம்? மூணு மாசத்துக்குப் போட்டுக்குவமா?”

“வேணாம் வாப்பா.”

“மாப்புள்ள வீட்டுப் பொண்டுக வந்து பாத்துட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லுவாகளே,” என்றார் அம்மா. “பெட்டி வந்து எறங்குனத இந்தத் தெருவே பாத்துச்சு.” என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் கோபம் இருந்தது, அது நியாயமான கோபம். “வெள்ளிக்கெழம அஸர் தொழுகைக்குப் பெறகு வாராக. நீங்களும் வாங்க. போடலாம்னு சொன்னவரும் நீங்கதான், வேணாம்னு சொல்றவரும் நீங்கதான். நீங்களே அவுககிட்டச் சொல்லுங்க. நான் எந்த மூஞ்ச வச்சுக்கிட்டுச் சொல்றது?”

எங்கள் வேலையில் இப்படி ஒரு வேலை இருப்பதாகத் தாளில் இல்லை. வெள்ளிக்கிழமை போனேன். இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன்.

ஆறேழு பெண்கள் வந்திருந்தார்கள். அறையில் கட்டில் இருந்தது, பீரோ இருந்தது, கீழே வெறும் சிமெண்டு இருந்தது. பெட்டிகளை மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், “மரம்னாக, மண்ணாவுல இருக்கு,” என்றது வாசலில் நின்ற எனக்கே கேட்டது. அம்மாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

“இந்தத் தம்பிதான் மரம் போடுறவரு,” என்று என்னைக் காட்டிவிட்டு அவர் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்.

நான் வாசல்படியைத் தாண்டாமல் சொன்னேன். “தரைக்குள்ள தண்ணி ஏறியிருக்கும்மா. நான் மொதல்ல சரியாப் பாக்காம, போடலாம்னு எழுதிக் குடுத்துட்டேன். இப்பப் போட்டா தூக்கிரும். காஞ்சப்பறம் போட்டுத் தாரேன். தப்பு என்னுது. வீட்டுக்காரங்க மேல ஒண்ணும் இல்ல.”

மாப்பிள்ளையின் தாயார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தூக்கும்னா எம்புட்டு தூக்கும்?”

“ஓரத்துல ஒரு வெரக்கட வரைக்கும் தூக்கலாம்மா.”

“எம்மவன் சும்மாவே வானத்தப் பாத்துக்கிட்டு நடக்குறவன். தடுக்கி விழுந்து பல்லு போயிருக்கும். போடாததே நல்லது.” பெண்கள் சிரித்தார்கள். அவர் மெத்தையை அழுத்திப் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் உறை கிழிந்திருப்பதையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காபி குடிக்கப் போனார்.

அம்மா சிரிக்கவில்லை. அதன் பிறகு ரொம்ப நாள் அவர் என்னிடம் நேராகப் பேசவும் இல்லை. மகளிடம் சொல்லி, மகள் எனக்குச் சொல்வாள். உண்மையைச் சொன்னால் எல்லாரும் பாராட்டுவார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நான் நேரம் தவறிச் சொன்ன உண்மைக்கு அந்த அம்மா அத்தனை பெண்கள் முன்னால் விலை கொடுத்தார். முதல் நாளே சொல்லியிருந்தால் அது வெறும் தகவல்.

நிக்காஹ்வுக்கு எனக்கும் செல்வம் அண்ணனுக்கும் அழைப்பு வந்தது. போய் பிரியாணி சாப்பிட்டோம். அறையில் சிமெண்டின் மேல் கம்பளம் விரித்திருந்ததாகக் கேள்வி. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பாய் கை கொடுத்தார். அடுத்த வாரம் விமானம் ஏறினார்.

தொட்டியை இறைத்து, உள்பக்கம் கொத்திப் பூசினார்கள். அதன் பிறகு தளம் காயும் என்று பார்த்தால் மழை வந்துவிட்டது. மாதம் ஒரு தடவை நான் மீட்டரோடு போவேன். புதுமணத் தம்பதி மாடியில் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எண்ணை அப்படியே எழுதினேன். ஐந்து. நாலரை. மறுபடி நாலேமுக்கால். முதலாளி ஒருநாள், “அந்த வீட்டுக்குப் போற பஸ்ஸுல உனக்கு ஒரு சீட்டு எழுதி வச்சிரச் சொல்லவா?” என்று கேட்டார். தை கடந்து மாசியில் மூன்றேகால் வந்தது. தாளும் ஒட்டிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

நம் படிவத்தில் இப்போது ‘உப்பு’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘எங்கே பார்த்தாய்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது நான் கேட்டுச் சேர்த்தது. சுவரிலா, தளத்திலா, வாசல்படியிலா என்று எழுத வேண்டும். எழுத இடமில்லை என்றால் கழிக்கவும் இடமில்லை. கழிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. பத்து வீட்டில் ஒன்பதில் கழிக்கத்தான் வேண்டும். பார்க்காமல் கழிக்காதீர்கள். உங்களைவிட அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கிறவர்கள் கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள். எனக்கு இதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை.

செல்வம் அண்ணன் ஒன்றரை நாளில் போட்டு முடித்தார். பெட்டிகளில் ஒரு பலகைகூட வீணாகவில்லை. ஓரச்சட்டம் அடித்து, தூசி துடைத்து, நாங்கள் கிளம்பும் நேரத்தில் ஷிஃபானா போனை எடுத்துக்கொண்டு வந்தாள். திரையில் பாய். சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, பின்னால் இரும்பு அலமாரிகள் தெரிந்தன.

“கீழ காட்டு புள்ள. இன்னும் கீழ.”

அவள் குனிந்து போனைத் தரையோடு தரையாகப் பிடித்தாள்.

“நான் நடந்து காட்டவா வாப்பா?”

“நீ எதுல நடந்தாலும் நல்லாத்தான் இருக்கும்ப. அந்தத் தம்பிய நடக்கச் சொல்லு.”

நான் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடந்தேன். உள்சுவர் ஓரமாகத் திரும்பி வந்தேன்.

“சத்தமே கேக்கலையே தம்பி.”

“கேக்கக் கூடாது பாய். கேட்டா சரியாப் போடலன்னு அர்த்தம்.”

அங்கே யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பி இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

“இன்னொரு தடவ போயிட்டு வாங்க,” என்றார். “மெதுவாப் போங்க.”